பார்வைக்குப் பட்டா போட முடியுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கின் பொதுத் தலைப்பு 'தொழில்நுட்பமும் தனிமனிதனும்'. அதில் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி சற்றுக் கடினமானது. தலையில் மாட்டிக்கொள்ளும் திரைகளில், அதாவது ஹெட்செட்டுகளில், நம் கண்ணசைவைப் பின்தொடரும் கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவிகளுக்குக் காப்புரிமை, ஆங்கில வழக்கில் பேட்டண்ட், கொடுப்பதற்குமுன் எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்பதுதான் நான் பேச வேண்டியது. தலைப்பைக் கேட்டதும் சிலர் ரிமோட்டைத் தேடுவது எனக்குப் புரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை பிறந்தநாளுக்குக் கேட்கப்போகும் விளையாட்டுக் கருவி பற்றியது. பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ பேச முடியாமல் கிடக்கும் உறவினர் ஒருவரின் மருத்துவச் செலவு பற்றியதும்கூட.

நான் பொறியாளர் அல்ல. மக்கள் தொடர்பியலில் பட்டயம் பெற்றுவிட்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கேமராவுக்கு முன்னால் நின்று பிழைப்பு நடத்தும் ஒருவர் நான். ஆனால் கண்ணின் அருமையை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டெலிபிராம்ப்டரில் எழுத்துகள் லென்சுக்கு முன்னாலேயே ஓடுகின்றன. நாங்கள் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறோம். இருந்தும், புதிதாக வாசிக்க வந்தவரின் கருவிழி இடமிருந்து வலமாக ஓடுவதை வீட்டில் இருக்கும் பாட்டிகூடக் கண்டுபிடித்து, "பார்த்துப் படிக்குது" என்று சொல்லிவிடுவார். வாயை அடக்கலாம், முகத்தைக்கூட அடக்கலாம். கண்ணை அடக்குவது சிரமம். அதனால்தானோ என்னவோ, வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. பார்வையிலிருந்து மனத்தைப் படிக்கும் கலை நமக்குப் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது, அதைப் படிக்கும் இயந்திரம்.

இயந்திரம் எப்படிப் பார்க்கிறது?

முதலில் அந்த இயந்திரத்தைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். ஹெட்செட்டின் உட்புறத்தில், லென்சைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். அவை வெளியிடுவது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு அது தெரியாது. அந்த ஒளி, கருவிழிக்கு மேலே கண்ணாடி போல இருக்கும் படலத்தில் பட்டுச் சிறு புள்ளிகளாக மின்னும். கேமரா அந்த மின்னும் புள்ளிகளையும் கருவிழியின் நடுவிலுள்ள பாவையையும் சேர்த்துப் படம் எடுக்கும். பாவை நகரும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டால், நீங்கள் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

இதனால் என்ன பயன்? நம் கண்ணில் மிகத் தெளிவாகப் பார்க்கும் பகுதி ஏறக்குறைய இரண்டு பாகை அகலம்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், விரல் நகத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. மற்றதெல்லாம் மங்கல். கண் ஒரு விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பார்ப்பதால்தான் எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆகவே, நீங்கள் பார்க்கும் இடத்தை மட்டும் கூர்மையாக வரைந்து, மற்ற இடங்களை மேலோட்டமாக வரைந்தால் கணினிக்குப் பாதி வேலை மிச்சம். 2023 பிப்ரவரியில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 இந்த முறையைப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவில் 2024 பிப்ரவரியிலும் சிங்கப்பூரில் அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் விஷன் புரோ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் கண்தான் சுட்டுவிரல். ஒரு பொத்தானைப் பார்த்துவிட்டு, இரண்டு விரல்களைச் சேர்த்துத் தட்டினால் போதும், அது திறந்துகொள்ளும்.

புதியது என்று சொல்வது எளிது

இதையெல்லாம் கேட்கும்போது ஏதோ நேற்றுப் பிறந்த தொழில்நுட்பம் என்று தோன்றும். அப்படி அல்ல. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது என்ற உண்மை 1870களின் இறுதியில், பாரிஸ் கண் மருத்துவர் லூயி எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தில் கவனிக்கப்பட்டது. கண்ணின் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பிடித்துக் கண்ணசைவை அளக்கும் வழியை டாட்ஜ், கிளைன் என்ற இருவர் 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இன்றைய ஹெட்செட்டில் மின்னும் அதே பிரதிபலிப்புதான். 1940களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ், விமானம் தரையிறங்கும்போது விமானியின் கண் எந்த முள்ளைப் பார்க்கிறது என்று படமெடுத்து ஆராய்ந்தார்.

தலையில் மாட்டும் திரையும் பழையதுதான். ஐவன் சதர்லாண்ட் 1968ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1981இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் போல்ட், பார்க்கும் படச்சட்டம் மட்டும் உயிர்பெறும் திரையைப் பற்றி எழுதினார். 1990இல் லெவாய், விட்டேக்கர் இருவரும் கண் பார்க்கும் இடத்தை மட்டும் நுணுக்கமாக வரையும் முறையை விளக்கினார்கள்.

அதே 1990இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜேக்கப், கண்ணால் கணினியை இயக்குவதில் உள்ள பெரிய சிக்கலுக்கு ஒரு பெயர் வைத்தார். அதுதான் 'மைடாஸ் தீண்டல்'. தொட்டதெல்லாம் பொன்னாகி, கடைசியில் சாப்பிடவும் முடியாமல் தவித்த கிரேக்கக் கதை மன்னன் மைடாஸ். அதுபோலப் பார்த்ததெல்லாம் திறந்துகொண்டால் கணினியை எப்படிப் பயன்படுத்துவது? அதற்கு அவர் ஆராய்ந்த வழிகள் இரண்டு. ஒன்று, சற்று நேரம் உற்றுப் பார்த்தால் தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, பார்த்துவிட்டு ஒரு விசையை அழுத்துவது. பார்த்துவிட்டு விரலைத் தட்டும் இன்றைய பழக்கத்துக்கு அது பெரியப்பா முறை.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. எல்லாமே இவ்வளவு பழையது என்றால், இன்று நிறுவனங்கள் எதற்குக் காப்புரிமை கேட்கின்றன? கேட்டால் யார் கொடுக்கிறார்கள்?

எல்லைக்கல் ஊன்றும் வேலை

காப்புரிமை என்பது அரசாங்கத்துக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். நீ உன் கண்டுபிடிப்பை ஒளிக்காமல், அத்துறையில் உள்ள மற்றொருவர் படித்துச் செய்யும் அளவுக்கு விளக்கமாக எழுதிக் கொடு. அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்வரை மற்றவர்கள் உன்னைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது என்று தடுக்கும் உரிமையை நாங்கள் தருகிறோம். ஒப்பந்தம் அவ்வளவுதான். சிங்கப்பூரில் பெற்ற காப்புரிமை சிங்கப்பூரில்தான் செல்லும். மலேசியாவில் வேண்டுமென்றால் அங்கே தனியாகப் பெற வேண்டும்.

விண்ணப்பத்தில் நீண்ட விளக்கமும் வரைபடங்களும் இருக்கும். ஆனால் உயிர் இருப்பது கடைசியில் வரும் 'உரிமைக் கோரிக்கை' என்ற சில வாக்கியங்களில்தான். நிலத்துக்கு எல்லைக்கல் எப்படியோ, கண்டுபிடிப்புக்கு அந்த வாக்கியங்கள் அப்படி. கல்லைத் தள்ளி ஊன்றினால் பக்கத்து வீட்டு நிலமும் உள்ளே வந்துவிடும். விண்ணப்பிப்பவருக்குக் கல்லைத் தள்ளி ஊன்ற ஆசை. அதைத் தடுத்து, அவருடைய சொந்த நிலத்தின் விளிம்பில் ஊன்ற வைப்பதுதான் பரிசோதகரின் வேலை.

பரிசோதகர் எங்கே தேடுவார்? உலகக் காப்புரிமை ஆவணங்கள் எல்லாம் நூலகத்துப் புத்தகங்கள்போல வகைப்படுத்தப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கின்றன. கண்ணசைவைக் கணினிக்கு உள்ளீடாகப் பயன்படுத்துவது ஜி06எஃப் 3/013 என்ற பிரிவில் வரும். தலையில் மாட்டும் திரைகள் ஜி02பி 27/01இல் வரும். கண்ணசைவை அளக்கும் மருத்துவக் கருவிகள் ஏ61பி 3/113இல் வரும். நல்ல பரிசோதகர் மூன்று அலமாரிகளையும் திறப்பார். காரணம், ஹெட்செட் நிறுவனம் புதிது என்று நினைப்பதைக் கண் மருத்துவர் ஒருவர் எப்போதோ செய்து முடித்திருக்கலாம். ஆவணங்களோடு ஆய்வுக்கட்டுரைகள், மாநாட்டு வெளியீடுகள், விற்பனைக்கு வந்த பொருட்கள் எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும்.

தேடிய பிறகு அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. இது புதியதா? புதியதென்றால், அத்துறையில் அனுபவமுள்ள ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா, அல்லது அதைத் தாண்டிய ஒரு படி இதில் இருக்கிறதா? தொழிலில் பயன்படுமா? இவற்றில் இரண்டாவது கேள்விதான் தலைவலி.

நம் பாட்டன் பாட்டி அறிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல், பட்டையில் சாய்வாகக் கீறித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தவர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. இன்று ஒருவர் அதே சாய்வுக் கீறலைத் தம் கண்டுபிடிப்பு என்று கொண்டுவந்தால், முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுவார். அவரே, "நான் கீறலின் கீழே மங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கிண்ணம் கட்டினேன், இது புதியது" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியதாக இருக்கலாம். ஆனால் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டிய ஒருவரிடம் கேட்டால், "மங்கு உடைந்தால் கையில் கிடைத்த கிண்ணத்தைத்தானே கட்டுவோம், இதில் என்ன அதிசயம்?" என்பார். சட்டம் சொல்லும் 'துறையில் தேர்ந்தவர்' அவர்தான். அவருக்குச் சாதாரணமாகத் தோன்றுவதற்கு உரிமை கிடையாது.

ஒரு விண்ணப்பத்தின் கதை

இதைக் கண்ணுக்குக் கொண்டுவருவோம். கற்பனையாக ஒரு நிறுவனம் இப்படிக் கோருகிறது: 'தலையில் மாட்டும் திரை, அதில் அகச்சிவப்பு விளக்கு, கேமரா, கண் பார்க்கும் இடத்தைக் கணக்கிடும் கணினி, அந்த இடத்தை மட்டும் கூர்மையாக வரையும் மென்பொருள்.' படித்தால் பிரமாதமாக இருக்கிறது. பரிசோதகர் இதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். தலைத்திரை 1968இல் இருக்கிறது. கண் பார்க்கும் இடத்தை நுணுக்கமாக வரைவது 1990இல் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க அத்துறை வல்லுநருக்குக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. தலைத்திரைக்கும் கணினித் திறன் போதவில்லை என்ற அதே பிரச்சினைதான். ஆகவே நிராகரிக்கிறேன், பதில் சொல்லுங்கள் என்று எழுதுவார்.

இப்போது நிறுவனம் எல்லைக்கல்லை உள்ளே தள்ளும். "ஐயா, எங்கள் உண்மையான வேலை வேறு. ஹெட்செட் முகத்தில் வழுக்கிக் கொஞ்சம் இறங்கினால் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். வழுக்கியதையும் கண் அசைந்ததையும் பிரித்தறிய, விளக்குகளை இந்த இந்த இடங்களில் இப்படி அமைத்தோம்" என்று சொல்லும். அல்லது, "கண் தாவும் அந்தச் சிறு நேரத்தில் மூளை தெளிவாகப் பார்ப்பதில்லை. கண் எங்கே போய் இறங்கும் என்பதை முன்கூட்டியே கணித்து அங்கே படத்தைத் தயாராக வைக்கிறோம், கணிக்கும் வழி இது" என்று சொல்லும். பரிசோதகர் மறுபடி தேடுவார். அந்தக் குறிப்பிட்ட அமைப்பு முன்பு எங்கும் இல்லை, எவருக்கும் எளிதில் தோன்றாது என்றால், அந்தச் சிறிய நிலத்துக்கு மட்டும் உரிமை கிடைக்கும். இந்தப் பேரம் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட நடக்கும்.

நேயர்களே, பார்வைக்கு யாரும் பட்டா போட முடியாது. பார்வையை அளக்கும் ஒரு குறிப்பிட்ட வழிக்குத்தான் பட்டா. பரிசோதனை ஒழுங்காக நடந்தால் இந்த இரண்டுக்கும் இடையிலான வேலி உறுதியாக இருக்கும். ஒழுங்காக நடக்காவிட்டால்?

பரிசோதனை தளர்ந்தால் யாருக்கு நட்டம்?

சிங்கப்பூரின் அனுபவமே நமக்குப் பாடம். 2014 பிப்ரவரி 14ஆம் தேதிக்குமுன் இங்கே இருந்த முறையில், பரிசோதனை அறிக்கை பாதகமாக வந்தாலும் விண்ணப்பதாரர் காப்புரிமையைப் பெற்றுக்கொள்ள முடிந்தது. அவரே எடைபோட்டுக்கொள்ளட்டும், தவறென்றால் பாதிக்கப்பட்டவர் பிறகு வழக்காடி ரத்து செய்யட்டும் என்பது அதன் தத்துவம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வழக்காடப் பணம் வேண்டும். பெரிய நிறுவனம் ஒரு பட்டயத்தைக் காட்டி மிரட்டினால், இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கடையைக் கட்டிவிடும். இந்த முறை 2014இல் மாற்றப்பட்டது. பரிசோதனையில் தேறினால்தான் காப்புரிமை என்றானது. 2015இலிருந்து நம் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம், அனைத்துலக விண்ணப்பங்களைத் தேடிப் பரிசோதிக்கும் தகுதி பெற்ற அமைப்பாகவும் செயல்படுகிறது. ஆசியான் நாடுகளில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது அதுதான். வெளிநாட்டுப் பரிசோதனை முடிவை வைத்தே உள்ளே வந்துவிடும் வழியும், 2020 ஜனவரி முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. மலேசியாவில் முழுப் பரிசோதனையோடு, வெளிநாட்டில் பெற்ற காப்புரிமையை ஆதாரமாகக் காட்டும் எளிய பரிசோதனையும் இருக்கிறது.

நட்டம் வணிகர்களுக்கு மட்டுமல்ல. இயக்க நரம்பணு நோய் வந்தவர்களுக்குக் கையும் காலும் நாவும் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். பலருக்குக் கடைசிவரை அசைவது கண் மட்டும். எழுத்துப் பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல் அமைக்கிறார்கள். 'கண்ணால் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது' என்ற பரந்த கோரிக்கைக்கு எவரோ ஒருவர் உரிமை வாங்கியிருந்தால், அந்தக் குடும்பங்கள் 20 ஆண்டுகள் அவர் சொன்ன விலையைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறமாக ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலைஞர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் சேர்ந்து, அந்த நோயால் படுக்கையில் விழுந்த 'டெம்ப்ட்' என்ற சுவரோவியக் கலைஞருக்காக 'ஐரைட்டர்' என்ற கருவியைச் செய்தார்கள். மலிவான குளிர்க்கண்ணாடிச் சட்டம், விளையாட்டுக் கருவியின் கேமரா, சில சின்ன விளக்குகள், இவ்வளவுதான் பொருட்கள். அவர் படுத்தபடியே கண்ணால் வரைந்தார். செய்முறையையும் மென்பொருளையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். வெளியிட்ட கணத்திலிருந்து அது பரிசோதகர்கள் தேடும் அலமாரியில் ஓர் ஆவணம் ஆகிவிடுகிறது. பின்னால் வருபவர் அதையே தம்முடையது என்று சொல்ல முடியாது. இலவசமாகக் கொடுத்ததே வேலியாகவும் நிற்கிறது.

பரிசோதகர் கேட்காத கேள்வி

இனி, நாம் கவனமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கூகல் நிறுவனம் 2011இல் விண்ணப்பித்து 2013 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றது. தலையில் அணியும் கருவி வழியே, ஒருவர் எந்தப் பொருளைப் பார்க்கிறார் என்று பதிவு செய்யும் முறை அது. விளம்பரத்தைப் பார்த்த பார்வைக்கு இவ்வளவு என்று விளம்பரதாரரிடம் கட்டணம் வாங்கலாம் என்றும், கண்பாவை விரிவதை வைத்து உணர்ச்சியை ஊகிக்கலாம் என்றும் அந்த ஆவணம் விளக்குகிறது. அடையாளத்தை நீக்கித் தகவல் கொடுக்கலாம், பயனீட்டாளர் விலகிக்கொள்ள வாய்ப்பளிக்கலாம் என்ற குறிப்புகளும் அதில் உள்ளன என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். காப்புரிமை வாங்கியதாலேயே ஒரு நிறுவனம் அதைச் செய்துவிட்டது என்று பொருளும் இல்லை.

இந்த விண்ணப்பத்தில் 'மனிதனின் பார்வையை விலைபேசுவது சரியா?' என்று பரிசோதகர் ஏன் கேட்கவில்லை? கேட்பது அவருடைய வேலை இல்லை. ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் ஒழுக்கக்கேடான கண்டுபிடிப்புகளுக்கு இடமில்லை என்று சட்டப்பிரிவு உண்டு. ஆனால் அது மிகக் குறுகிய வாசல். மற்றபடி, வெறும் வணிக யோசனைக்குத் தொழில்நுட்ப வேடம் போட்டு வருவதைத்தான் சட்டம் தடுக்கப் பார்க்கிறது. 2002ஆம் ஆண்டின் காம்விக் வழக்கிலிருந்து, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தொழில்நுட்பம் சாராத அம்சங்களைக் கண்டுபிடிப்பின் படியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2014இல் அலிஸ் வழக்கில், கருத்தளவிலான ஒரு யோசனையைச் சாதாரணக் கணினியில் ஏற்றினால் மட்டும் அது காப்புரிமைக்குத் தகுதி பெறாது என்று தீர்ப்பளித்தது. இந்தத் தடைகள் எல்லாம் 'இது கண்டுபிடிப்பா?' என்ற கேள்விக்கு உரியவை. 'இது நல்லதா?' என்ற கேள்விக்கு உரியவை அல்ல.

விளம்பரங்களில் 'காப்புரிமை பெற்றது' என்று பொன்னெழுத்தில் போடுகிறார்கள். அதைப் பார்த்து, அரசாங்கமே சோதித்து நல்ல பொருள் என்று முத்திரை குத்திவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி அல்ல. காப்புரிமை தரச்சான்றிதழும் இல்லை, விற்பனைக்கான அனுமதிச்சீட்டும் இல்லை. மற்றவரைத் தடுக்கும் உரிமை, அவ்வளவே.

நம் பார்வையைக் காப்பது வேறு சட்டங்களின் பொறுப்பு. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் சட்டம், 2024இல் திருத்தப்பட்டு, உடற்கூறு அடையாளத் தகவலையும் நுண்ணுணர்வுத் தகவலாகச் சேர்த்துக்கொண்டது. சட்டத்தோடு தயாரிப்பாளரின் கவனமும் வேண்டும். விஷன் புரோவில் நாம் எங்கே பார்க்கிறோம் என்பது செயலிகளுக்குத் தெரிவிக்கப்படாது, விரலைத் தட்டித் தேர்ந்தெடுத்தது மட்டுமே போகும் என்று ஆப்பிள் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2024இல் ஆய்வாளர்கள் ஒரு பொத்தலைக் கண்டுபிடித்தார்கள். காணொளி அழைப்பில் தெரியும் நம் உருவப்பொம்மையின் கண்ணும் நம் கண்ணைப் போலவே அசைகிறது. அந்த அசைவைப் பார்த்தே, கண்ணால் என்ன எழுத்துகளைத் தட்டினோம் என்பதை ஊகிக்க முடிந்தது. ஆப்பிளிடம் தெரிவித்தார்கள், அது சரிசெய்யப்பட்டது. முன்வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. இதைக் கண்டுபிடித்தது காப்புரிமைப் பரிசோதகர் அல்ல, வேறு கண்ணோடு பார்த்த ஆய்வாளர்கள் என்பதைக் கவனியுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முடிக்குமுன் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, செய்தியைக் கேட்கும்போது. 'இன்ன நிறுவனம் மனதைப் படிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றது' என்ற செய்தி வந்தால் உடனே பதறாதீர்கள். விண்ணப்பம் தாக்கலாகி 18 மாதங்களில் பொதுவாக வெளியிடப்பட்டுவிடும். அது வெறும் விண்ணப்பம், இன்னும் எவரும் ஒப்புக்கொள்ளாதது. ஆகவே, விண்ணப்பமா வழங்கப்பட்டதா, எந்த நாட்டில், உரிமைக் கோரிக்கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். எங்களைப் போன்ற ஊடகத்தாரிடமும் கேளுங்கள். கேட்டால்தான் நாங்களும் பார்த்துச் சொல்வோம்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டம் செய்யும் நம் பிள்ளைகள், கூகல் பேட்டண்ட்ஸ், எஸ்பாஸ்நெட், பேட்டண்ட்ஸ்கோப் ஆகிய தளங்களில் கோடிக்கணக்கான ஆவணங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எவரும் விலை கொடுத்து வாங்க முடியாத பாடப்புத்தகம் அது. படிக்கும்போது, 'இது எனக்கு முன்பே தெரியுமே, இன்ன கட்டுரையில் இருக்கிறதே' என்று தோன்றினால் சும்மா இருக்க வேண்டாம். ஐரோப்பாவில் எவரும் அதைப் பரிசோதகருக்கு எழுதித் தெரிவிக்கலாம். சிங்கப்பூரிலும் 2021 முதல் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு விண்ணப்பத்துக்கு எதிராகப் பெரிய வழக்கறிஞர் படை தேவையில்லை. சரியான ஒரு பழைய ஆவணம் போதும்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. ஹெட்செட் வாங்கும்போது படத்தின் தெளிவைப் பற்றியும் விலையைப் பற்றியும் கடைக்காரரிடம் கேட்கிறோம். அதோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள். இதில் கண்ணைப் பின்தொடரும் கேமரா இருக்கிறதா? அந்தத் தகவல் கருவிக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே போகிறதா? வேண்டாமென்றால் நிறுத்தி வைக்க முடியுமா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும், ஒருவர் கேட்டார், இருவர் கேட்டார், பத்துப் பேர் கேட்டார்கள் என்றால், அந்தக் கேள்வி தயாரிப்பாளர்வரை போய்ச் சேரும்.

காப்புரிமைப் பரிசோதகர் நமக்காக ஒரு காவல் காக்கிறார். நேற்றுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த அறிவை இன்று ஒருவர் தமக்கு மட்டும் என்று வளைத்துப் போடாமல் பார்த்துக்கொள்கிறார். அந்தக் காவலுக்கு நாம் மதிப்புக் கொடுக்க வேண்டும், அது தளராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் புதியது எல்லாம் நமக்கு ஏற்றதா என்று முடிவு செய்யும் பொறுப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு நாம் தூங்கப் போக முடியாது. அது சட்டமன்றத்தின் பொறுப்பு, வாங்குபவரின் பொறுப்பு, பெற்றவரின் பொறுப்பு.